பழைய ஆர்கன்களைக் காத்த மருத்துவர்: ஆல்பர்ட் சுவைட்சர்

தேக்காவிலிருந்து சிலிகி ரோடு வழியாக பிராஸ் பாசா பக்கம் நடந்தால் இருபது நிமிடத்தில் குவீன் ஸ்திரீட் வந்துவிடும். அங்கே இருப்பது நல்லாயன் பேராலயம். 1847ல் கட்டி முடிக்கப்பட்ட அது சிங்கப்பூரின் மிகப் பழைய கத்தோலிக்க ஆலயம். உள்ளே நுழைந்து, வந்த வாசலைத் திரும்பி மேலே பார்த்தால், மாடத்தில் குழாய்கள் வரிசையாக நிற்பது தெரியும். லண்டனைச் சேர்ந்த பெவிங்டன் நிறுவனம் 1912ல் செய்த பைப் ஆர்கன் அது. இந்த நாட்டில் இன்றும் ஒலிக்கும் பைப் ஆர்கன்களில் அதுவே மூத்தது.

நூறு வயதைத் தாண்டிய அந்தக் கருவி எத்தனையோ ஆபத்துகளைக் கடந்துவிட்டது. நம் ஊர்ப் புழுக்கத்தில் மரம் உப்பும், தோல் இற்றுப்போகும், பசை விட்டுப்போகும். கரையானுக்கு இது கருவி, இது கதவு என்ற வேறுபாடு கிடையாது. போர்க்காலத்தில் பேராலயமே அவசர மருத்துவமனையாக மாறியது. இவற்றையெல்லாம் தாண்டி அது ஒலிப்பதற்குக் காரணம், பழுதானபோதெல்லாம் தூக்கி எறியாமல் பழுது பார்த்தவர்கள் இருந்ததுதான்.

பழைய ஆர்கனைப் பழுது பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் இன்று எல்லாருக்கும் இயல்பாகத் தோன்றுகிறது. நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் அப்படி இல்லை. பழையதைக் கழற்றி எடைக்குப் போட்டுவிட்டு, புதிதாக ஒன்று வாங்குவதே நாகரிகம் என்று ஐரோப்பாவே நம்பியது. அந்த நம்பிக்கையை எதிர்த்து எழுதியும் அலைந்தும் வாதாடிய முக்கியமான மனிதர் ஒருவரை நமக்கு நன்றாகவே தெரியும். ஆனால் வேறொரு வேலைக்காரராகத்தான் தெரியும்.

ஆப்பிரிக்கக் காட்டில் தொழுநோயாளிகளுக்கு மருத்துவம் பார்த்தவர், நோபெல் அமைதிப் பரிசு பெற்றவர், திருக்குறளைப் போற்றிய வெளிநாட்டறிஞர் என்று பள்ளிப் பாடத்திலும் மேடைப் பேச்சிலும் நாம் கேள்விப்பட்ட ஆல்பர்ட் சுவைட்சர்தான் அவர்.

பாட்டனார் விட்டுச்சென்ற ஆசை

சுவைட்சர் 1875ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் தேதி, அல்சாஸ் மாநிலத்தின் கைசர்ஸ்பெர்க் என்ற சிற்றூரில் பிறந்தார். இன்று பிரான்சில் இருக்கும் அந்தப் பகுதி அப்போது ஜெர்மனியின் கையில் இருந்தது. தந்தை போதகர். மகன் பிறந்த சில மாதங்களில் குன்ஸ்பாக் என்ற மலையடிவார ஊருக்குக் குடும்பம் மாறியது. சுவைட்சர் கடைசிவரை சொந்த ஊர் என்று நினைத்தது அந்தக் குன்ஸ்பாக்கைத்தான்.

அவருடைய தாய்வழிப் பாட்டனாரும் போதகர். ஆர்கன் என்றால் அவருக்கு உயிர். எந்த ஊருக்குப் போனாலும் அங்குள்ள ஆலயத்து ஆர்கனைப் பார்க்காமல் திரும்பமாட்டார். எங்காவது புதிய ஆர்கன் கட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டால், போய் நின்று வேலையைக் கவனிப்பார். பேரன் பிறப்பதற்கு முன்பே அவர் காலமாகிவிட்டார். அவருடைய பழைய பியானோவில்தான் ஐந்து வயதுப் பேரனுக்குத் தந்தை இசை சொல்லிக்கொடுத்தார்.

எட்டு வயதில் சிறுவன் ஆர்கன் வாசிக்கத் தொடங்கினான். அப்போது அவனுடைய கால்கள் கீழே இருக்கும் மிதிகட்டைகளை எட்டியும் எட்டாமலும் இருந்தன. ஒன்பது வயதில், ஊர் ஆலய வழிபாட்டில் வழக்கமான வாசிப்பாளருக்குப் பதிலாக அமர்ந்து வாசித்தான். பிறகு முல்ஹவுஸ் நகரில் உறவினர் வீட்டில் தங்கி உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது, ஆய்கன் முன்ஷ் என்ற ஆசிரியரிடம் முறையாகப் பயின்றான்.

குழாயும் காற்றும்

சுவைட்சர் எதற்காகப் போராடினார் என்பது விளங்க, பைப் ஆர்கன் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

நம் கோயில் பஜனையிலும் தோட்டத்துச் சிற்றாலயங்களிலும் கேட்கும் ஆர்மோனியம் எல்லாருக்கும் பழக்கமானது. ஒரு கை துருத்தியை அழுத்தும், மறு கை கட்டைகளை அழுத்தும். உள்ளே இருக்கும் உலோக நாக்குகள் காற்றில் அதிர்ந்து ஒலிக்கும். பைப் ஆர்கனிலும் துருத்தி உண்டு, கட்டைகள் உண்டு. ஆனால் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு தனிக் குழாய் நிற்கும். பெரும்பாலான குழாய்கள் புல்லாங்குழல் போலக் காற்று விளிம்பில் மோதி ஒலிப்பவை. சில குழாய்களின் அடியில், நாதஸ்வரத்துக்குச் சீவாளி இருப்பதுபோல், ஒரு நாக்கு இருக்கும். எட்டு அடிக் குழாயைவிடப் பதினாறு அடிக் குழாய் ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும். சில ஆலயங்களில் முப்பத்திரண்டு அடிக் குழாய்கூட உண்டு. அது ஒலிக்கும்போது காதில் கேட்பதைவிட, தரை அதிர்வது முதலில் தெரியும்.

வாசிப்பவர் கட்டையை அழுத்தினால், மெல்லிய மரப்பட்டிகளும் கம்பிகளும் ஒன்றையொன்று இழுத்து, காற்றுப்பெட்டியில் அந்தக் குழாயின் அடியில் உள்ள அடைப்பைத் திறக்கும். பல நூற்றாண்டுகளாக இருந்த முறை இது. விரலுக்கும் குழாய்க்கும் நேர்த் தொடர்பு இருப்பதால், அழுத்தும் விதம் ஒலியில் தெரியும். காற்று நிதானமாக வரும். குழாய்கள் கனத்த உலோகத்தால் செய்யப்பட்டிருக்கும். மரவேலை பல தலைமுறைக்குத் தாங்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இது மாறியது. ஆர்கன் தொழிற்சாலைச் சரக்கானது. மின்விசிறி வந்ததால் எவ்வளவு காற்றையும் எளிதாகத் தள்ள முடிந்தது. அதிக அழுத்தத்தில் காற்றை ஊதி, குறைந்த உலோகத்தில் அதிகச் சத்தம் எழுப்பினார்கள். விலைப்பட்டியலில் அம்சங்கள் நீளமாக இருந்தன. ஆலயக் குழுக்கள் அந்தப் பட்டியலைப் பார்த்து மயங்கின. இருநூறு ஆண்டு நின்ற கருவிகள் கழற்றப்பட்டு, குழாய்கள் உருக்கப்பட்டன.

ஸ்டுட்கார்ட்டில் கேட்ட ஒலி

1893ல், பதினெட்டு வயதில், சுவைட்சர் பாரிஸ் சென்று சார்ல்ஸ் மரி விடோரைச் சந்தித்தார். புகழ்பெற்ற செயின்ட் சல்பிஸ் ஆலயத்தின் ஆர்கன் கலைஞர் விடோர். அங்கிருந்த ஆர்கன், பிரான்சின் தலைசிறந்த கைவினைஞர் கவாயே கோல் 1862ல் முடித்தது. ஐந்து வரிசைக் கட்டைகளும் ஏறத்தாழ நூறு ஒலிவகைகளும் கொண்டது. வெளியாட்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வழக்கம் இல்லாத விடோர், இந்த இளைஞன் வாசித்ததைக் கேட்டதும் மாணவனாக ஏற்றுக்கொண்டார்.

மூன்றாண்டுகள் கழித்து, 1896ன் இலையுதிர் காலத்தில், பைராய்ட் நகருக்குப் போய்த் திரும்பும் வழியில் சுவைட்சர் ஸ்டுட்கார்ட்டில் இறங்கினார். அங்கே ஓர் அரங்கில் வைக்கப்பட்டிருந்த புதிய ஆர்கனைப் பத்திரிகைகள் வானளாவப் புகழ்ந்திருந்தன. அதை வாசிக்கக் கேட்டபோது அவருக்கு ஏமாற்றமே மிஞ்சியது. பாக் எழுதிய இசையில் நான்கு குரல்கள் தனித்தனியே நடக்கும். இந்த ஆர்கனில் அவை எல்லாம் ஒரே இரைச்சலாகக் குழம்பின.

பிறர் நல்லதென்று சொல்லும்போது, நம் காதுதான் தவறோ என்று தோன்றுவது இயல்பு. சுவைட்சர் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லவில்லை. அடுத்த பத்தாண்டுகள், போகிற ஊரில் எல்லாம் புதிய ஆர்கனையும் பழைய ஆர்கனையும் பார்த்தார். மாடத்தில் ஏறினார், பெட்டிக்குள் நுழைந்தார், கட்டுபவர்களிடமும் வாசிப்பவர்களிடமும் பேசினார். பாட்டனார் செய்ததையே பேரன் இன்னும் ஆழமாகச் செய்தார்.

1906ல் தம் முடிவுகளைச் சிறு நூலாக வெளியிட்டார். ஜெர்மன், பிரெஞ்சு ஆர்கன் கட்டும் கலைகளை ஒப்பிட்ட நூல் அது. காற்றின் அழுத்தத்தைக் குறையுங்கள், நல்ல உலோகமும் நல்ல மரமும் போடுங்கள், விரலுக்கும் குழாய்க்கும் நேர்த் தொடர்பு கொடுக்கும் பழைய முறையை விடாதீர்கள், ஒலி தடையின்றி ஆலயம் முழுவதும் பரவும் இடத்தில் கருவியை வையுங்கள். அவர் சொன்னதன் சாரம் இதுதான். எல்லாவற்றுக்கும் மேலாக, பழைய நல்ல ஆர்கன் இருக்கும் இடத்தில் அதைப் பழுது பார்ப்பதே சரி என்றார்.

முதலில் பலர் சிரித்தார்கள். முன்னேற்றத்துக்கு எதிரி என்று சிலர் பேசினார்கள். அவர் விடவில்லை. ஐரோப்பா முழுவதும் உள்ள ஆர்கன் கட்டுபவர்களுக்கும் வாசிப்பவர்களுக்கும் கேள்வித்தாள்கள் அனுப்பிக் கருத்துத் திரட்டினார். 1909ல் வியன்னாவில் கூடிய அனைத்துலக இசை மாநாட்டில், அல்சாஸைச் சேர்ந்த கத்தோலிக்கப் பாதிரியார் சேவியர் மத்தியாசும் மற்ற நண்பர்களும் உடனிருக்க, ஆர்கன் கட்டுவதற்கான அனைத்துலக விதிமுறைகள் உருவாக முன்னின்றார். சீர்திருத்தச் சபைப் போதகரும் கத்தோலிக்கப் பாதிரியாரும் ஒரே மேசையில் அமர்ந்து செய்த வேலை அது.

முதலில் காப்பாற்றிய ஆர்கன்

ஸ்ட்ராஸ்பர்க் நகரின் செயின்ட் தாமஸ் ஆலயத்தில், யோஹான் ஆந்திரியாஸ் சில்பர்மான் 1741ல் கட்டிய ஆர்கன் ஒன்று இருந்தது. 1778ல் மொசார்ட் அதில் வாசித்திருக்கிறார். சுவைட்சர் பெரும்பாடுபட்டுக் காப்பாற்றிய முதல் பழைய ஆர்கன் அதுதான். தொழிற்சாலைப் போட்டியில் நசுங்கிக்கொண்டிருந்த கைவினைஞர்களில் ஒருவரான ஃபிரடெரிக் ஹார்ப்ஃபர் என்பவர் 1908ல் அதைச் செப்பனிட்டார்.

அடுத்த ஆண்டு, 1909 ஜூலை 28ஆம் தேதி, பாக் மறைந்த நாளில், அந்த ஆர்கனில் நினைவுக் கச்சேரி ஒன்றைச் சுவைட்சர் தொடங்கிவைத்தார். அது ஆண்டுதோறும் தொடரும் மரபாகிவிட்டது.

ஒரு கருவியைக் காப்பாற்ற அவர் எழுதிய கடிதங்களுக்குக் கணக்கில்லை. ஆயர்களுக்கு, நகராட்சித் தலைவர்களுக்கு, அமைச்சர்களுக்கு, ஆலயக் குழுவினருக்கு என்று எழுதிக்கொண்டே இருந்தார். தம் செலவில் ரயிலேறிப் போய்ப் பேசினார். பல இடங்களில் தோற்றார். பட்டியலில் பெரிதாகத் தெரிந்த தொழிற்சாலை ஆர்கனே அங்கெல்லாம் வென்றது. வென்ற இடங்களில், ஓட்டை உடைசல் என்று முன்பு கேலி செய்தவர்களே, செப்பனிட்ட ஆர்கனின் ஒலியைக் கேட்டபின் பெருமை பேசத் தொடங்கினார்கள். ஆப்பிரிக்காவில் வயதான மனிதர்களையும் ஐரோப்பாவில் வயதான ஆர்கன்களையும் காப்பாற்றுகிறவர் என்று பிற்காலத்தில் நண்பர்கள் அவரை வேடிக்கையாகச் சொல்வார்கள்.

முப்பது வயதில் திருப்பம்

இத்தனைக்கும் நடுவில் அவர் ஆலயத்தில் போதகர், பல்கலைக்கழகத்தில் இறையியல் விரிவுரையாளர், தத்துவத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். பாக் பற்றி அவர் எழுதிய நூல் 1905ல் பிரெஞ்சில் வந்தது. பாக்கின் ஆர்கன் இசை சில இடங்களில் ஏன் அப்படித் திரும்புகிறது என்று குருவான விடோருக்கே விளங்காமல் இருந்தது. அந்த இசைக்கு அடியில் இருக்கும் ஜெர்மன் ஞானப்பாடலின் சொற்களைச் சுவைட்சர் விளக்கியதும் எல்லாம் தெளிவானது. சாகித்தியம் தெரியாமல் கீர்த்தனையை வெறும் சுரமாக வாசிப்பவருக்கும், பொருள் தெரிந்து வாசிப்பவருக்கும் உள்ள வேறுபாடு நமக்குப் புதிதல்ல. அந்த விளக்கமே வளர்ந்து நூலானது.

எல்லாம் கைகூடிய அந்த நேரத்தில்தான் அவர் எல்லாவற்றையும் விட்டுவிட முடிவு செய்தார். இருபத்தொரு வயதிலேயே மனத்துக்குள் ஓர் உறுதி எடுத்திருந்தார். முப்பது வயதுவரை கல்விக்கும் கலைக்கும் வாழலாம், அதன்பின் துன்பப்படுகிறவர்களுக்கு நேரடியாகப் பணி செய்ய வேண்டும் என்பது அந்த உறுதி. தாம் இவ்வளவு நலமாக வாழ்வது இலவசமாகக் கிடைத்ததல்ல, அதற்குத் திருப்பிக் கொடுக்க வேண்டிய கடன் இருக்கிறது என்று அவர் எண்ணினார்.

1904ல், காபோன் நாட்டில் மருத்துவ உதவி இல்லாமல் மக்கள் படும் துன்பத்தைப் பற்றி ஒரு மிஷன் சஞ்சிகையில் படித்தார். மறு ஆண்டே மருத்துவ மாணவராகச் சேர்ந்தார். உறவினரும் நண்பர்களும் கோபப்பட்டார்கள். விடோர் அவரை மகனைப்போல் நேசித்தவர், கடுமையாகக் கடிந்துகொண்டார். படிப்பும் பயிற்சியும் முடிய ஏழாண்டுகளுக்கு மேல் ஆயின. 1912ல் ஹெலன் பிரெஸ்லாவை மணந்தார். கணவருக்குத் துணையாக இருப்பதற்காகவே ஹெலன் தாதிமைப் பயிற்சி பெற்றிருந்தார்.

காட்டுக்குப் போவதால் மூன்றை இழக்க வேண்டும் என்று சுவைட்சர் கணக்கிட்டிருந்தார். ஆர்கன், பல்கலைக்கழகப் பணி, சொந்தக் காலில் நிற்கும் வருமானம் ஆகியவையே அந்த மூன்று. அவற்றில் ஆர்கனைப் பிரிவதுதான் நெஞ்சை அதிகம் வலிக்கச் செய்தது.

துத்தநாகப் பெட்டியில் வந்த பியானோ

1913 மார்ச்சில், புனித வெள்ளி அன்று, கணவனும் மனைவியும் குன்ஸ்பாக்கிலிருந்து புறப்பட்டார்கள். எழுபது பெட்டிகளில் மருந்தும் கருவிகளும் ஏற்கெனவே துறைமுகம் போயிருந்தன. பணத்தில் ஒரு பகுதி, அவர் ஆர்கன் வாசித்தும் புத்தகம் எழுதியும் சேர்த்தது. ஏப்ரலில் ஒகோவே ஆற்றங்கரையில் உள்ள லம்பரேனே வந்து சேர்ந்தார்கள். நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் உள்ள இடம். வெயிலும் மழையும் புழுக்கமும் ஏறக்குறைய நம் ஊர் மாதிரிதான்.

முதல் சிகிச்சைக்கூடம், காலியாகக் கிடந்த கோழிக்கொட்டகை. முதல் ஒன்பது மாதங்களில் ஏறத்தாழ 2,000 நோயாளிகள் வந்தார்கள். மலேரியா, தொழுநோய், தூக்கநோய், சீதபேதி, ஆறாத புண், குடலிறக்கம் எனப் பலவகை நோய்கள். காட்டில் மரம் வெட்டி ஆற்றில் மிதக்கவிடும் தொழிலாளர்களும் அவர்களில் இருந்தார்கள். சமையல்காரராக இருந்த ஜோசப் என்பவர் மொழிபெயர்ப்பாளராகவும் உதவியாளராகவும் ஆனார். மலாயாத் தோட்டங்களில் லயத்துக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸர் ஒருவரே காய்ச்சலுக்கும் காயத்துக்கும் எல்லாமாக இருந்த காலத்தை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு, அந்த லம்பரேனே காட்சி எளிதில் கண்முன் வரும்.

பாரிஸ் பாக் சங்கத்தினர் அவரைச் சும்மா அனுப்பவில்லை. ஆர்கனில் இருப்பதுபோல் காலால் மிதிக்கும் கட்டைகள் பொருத்திய பியானோ ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள். வெப்ப நாட்டு ஈரத்தையும் பூச்சியையும் தாங்கும்படி செய்யப்பட்ட அது, துத்தநாகத் தகடு அடித்த பெட்டியில் கப்பலேறியது. ஆற்றில் அதை ஏற்றிவர, ஒரே பெருமரத்தைக் குடைந்து செய்த, மூன்று டன் பாரம் தாங்கும் ஓடத்தை இரவல் வாங்க வேண்டியிருந்தது.

வாசிப்பு மெல்ல மறந்துபோகட்டும், அதுவே வலியைக் குறைக்கும் என்றுதான் முதலில் அவர் நினைத்தார். ஒரு மாலையில் பாக் வாசித்துக்கொண்டிருந்தபோது மனம் மாறியது. கச்சேரி இல்லை, அவசரம் இல்லை, பல மாதம் ஒரே பாடலோடு இருக்கலாம். பாக், மெண்டல்சன், விடோர், ஃபிராங்க், ரேகர் ஆகியோரின் படைப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, நுணுக்கமாகப் படித்து மனப்பாடம் செய்தார். பகலில் அறுவைக் கத்தி பிடித்த விரல்கள், இரவில் பூச்சிகளின் சத்தத்துக்கு நடுவே கட்டைகளில் ஓடின.

1914ல் முதல் உலகப் போர் வெடித்தது. காபோன் பிரெஞ்சுக் குடியேற்ற நாடு. ஜெர்மன் குடியுரிமை கொண்ட அவரும் மனைவியும் தங்கள் வீட்டிலேயே காவலில் வைக்கப்பட்டனர். 1917ல் இருவரையும் பிரான்சுக்குக் கொண்டுபோய் முகாம்களில் அடைத்தார்கள். முகாமில் ஆர்கன் ஏது? மேசையைக் கட்டைகளாகவும் தரையை மிதிகட்டைகளாகவும் வைத்துக்கொண்டு ஒலியில்லாமல் பயிற்சி செய்தார். சிறுவயதில் விளையாட்டாகச் செய்தது அங்கே கைகொடுத்தது.

இழந்தது திரும்பி வந்தது

1918ல் விடுதலையாகி வந்தபோது உடலில் நோய், தலைமேல் கடன், மருத்துவமனையோ கைவிடப்பட்ட நிலையில். 1920ல் சுவீடனின் பேராயர் சோடர்புளோம் உப்சாலாவுக்கு விரிவுரைக்கு அழைத்தார். அங்கே ஊர் ஊராகப் போய் ஆர்கன் வாசித்தும் சொற்பொழிவு ஆற்றியும் கிடைத்த பணத்தில் கடனை அடைத்தார். விட்டுவிட்டோம் என்று நினைத்த ஆர்கனே அவரை மீண்டும் லம்பரேனேக்கு அனுப்பியது.

1924ல் திரும்பிச் சென்றார். இடிந்த கூரைகளைச் சரிசெய்து, பின்பு ஆற்றின் மேல்பக்கம் புதிய இடத்தில் மருத்துவமனையைக் கட்டி 1927ல் குடியேறினார். அதன்பின் ஐரோப்பா வரும்போதெல்லாம் பகலில் பழைய ஆர்கன்களைப் பார்ப்பதும் மாலையில் கச்சேரி செய்வதும் வழக்கமாயின. 1930களின் நடுவில் லண்டனிலும் ஸ்ட்ராஸ்பர்க்கிலும் அவர் வாசித்த பாக் இசை இசைத்தட்டுகளாக வெளிவந்தது. குன்ஸ்பாக் ஆலயத்து ஆர்கனும் அவருடைய திட்டப்படி ஹார்ப்ஃபரின் கையால் 1932ல் புதுப்பிக்கப்பட்டது.

இழக்கப்போவதாக நினைத்த மூன்றும் அவரிடம் திரும்பி வந்தன. ஆர்கன் வந்தது. பல்கலைக்கழகங்கள் அவரை அழைத்துப் பேசச் சொன்னன. கச்சேரியும் நூல்களும் வருமானம் தந்தன. 1952ஆம் ஆண்டுக்கான நோபெல் அமைதிப் பரிசு மறு ஆண்டு அறிவிக்கப்பட்டபோது, அந்தப் பணத்தைத் தொழுநோயாளிகளுக்கான குடியிருப்புக்குச் செலவிட்டார்.

வள்ளுவரிடம் கண்டது

1935ல் இந்தியச் சிந்தனை மரபைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். தமிழ் அறியாத அவர், மொழிபெயர்ப்புகள் வழியாகவே குறளைப் படித்தார். உலகைத் துறப்பதைப் பேசும் நூல்களுக்கு நடுவே, வீட்டில் வாழ்ந்து, விருந்தோம்பி, பிற உயிர்மீது அன்பு செலுத்தச் சொல்லும் வள்ளுவர் அவரைக் கவர்ந்தார். உலக அறநூல்களின் வரிசையில் குறளுக்கு மிக உயர்ந்த இடம் கொடுத்தார். 1915ல் ஒகோவே ஆற்றில் படகில் போகும்போது, எல்லா உயிருக்கும் மதிப்பளிப்பதே அறத்தின் அடிப்படை என்ற தெளிவு தமக்குக் கிடைத்ததாக அவர் எழுதியிருந்தார். அப்படிப்பட்டவருக்குக் குறள் பிடித்துப்போனதில் வியப்பில்லை.

அவர் சொன்னது எல்லாமே ஏற்கப்பட்டுவிடவில்லை. இந்தியச் சிந்தனை பெரும்பாலும் உலகை மறுப்பது என்ற அவருடைய கருத்தை டாக்டர் ராதாகிருஷ்ணன் தம் நூலில் மறுத்து எழுதினார். ஆப்பிரிக்க மக்களைச் சகோதரர் என்று சொன்னாலும், தம்பியாகவே நடத்தினார், சமமாக நடத்தவில்லை என்ற குற்றச்சாட்டும் உண்டு. குடியேற்ற ஆட்சியின் கீழ் தோட்டங்களில் வாழ்ந்த பெற்றோரைக் கொண்ட நமக்கு அந்தக் குற்றச்சாட்டின் கனம் புரியும். மருத்துவமனையைக் காலத்துக்கு ஏற்ப நவீனமாக்கவில்லை என்றும் பார்வையாளர்கள் சிலர் குறை கூறினார்கள். பழையதைக் காக்கத் தெரிந்தவருக்குப் புதியதை ஏற்பது எளிதாக இருக்கவில்லை போலும்.

1957ல் ஒஸ்லோ வானொலி வழியாக அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்தும்படி உலகை வேண்டினார். அதே ஆண்டு ஹெலன் காலமானார். 1965 செப்டம்பர் 4ஆம் தேதி, தொண்ணூறாவது வயதில், லம்பரேனேயில் சுவைட்சரின் உயிர் பிரிந்தது. அங்கேயே, ஆற்றங்கரையில், அடக்கம் செய்யப்பட்டார்.

நம் ஊருக்கு இதில் என்ன?

சுவைட்சர் சிங்கப்பூருக்கு வந்ததில்லை. அவர் மூட்டிய கவலை மட்டும் உலகெங்கும் பரவி, நம் வட்டாரத்துக்கும் வந்தது. பிலிப்பைன்சின் லாஸ் பின்யாஸ் ஆலயத்தில், பாதிரியார் டியேகோ செரா 1824ல் முடித்த மூங்கில் ஆர்கன் இருக்கிறது. அதன் ஆயிரத்துச் சொச்சம் குழாய்களில் பெரும்பாலானவை மூங்கில். சிதைந்துபோயிருந்த அதை 1973ல் ஜெர்மனியின் போன் நகரிலுள்ள கிளைஸ் பட்டறைக்குக் கொண்டுபோனார்கள். மூங்கில் வெடித்துவிடாமல் இருக்க, பிலிப்பைன்சின் வெப்பமும் ஈரமும் உள்ள தனி அறையை அங்கே உருவாக்கி வேலை செய்தார்கள். 1975ல் அது ஊர் திரும்பியது. எஸ்பிளனேட் இசையரங்கில் நாம் பார்க்கும் பெரிய ஆர்கனும் அதே கிளைஸ் பட்டறையில் செய்யப்பட்டதுதான்.

வெப்ப நாட்டில் ஆர்கனைப் பராமரிப்பது தனிப் பொறுமை வேண்டும் வேலை. வெப்பம் ஏறினால் சுருதி ஏறும். குளிர்சாதனத்தை ஒரு நாள் போட்டு மறுநாள் நிறுத்தினால் மரம் சுருங்கியும் விரிந்தும் வெடிக்கும். சில குழாய்கள் ஊமையாகும், சில நிறுத்தாமல் ஊளையிடும். பராமரிப்பவர் ஒவ்வொரு குழாயாகக் கேட்டு, தட்டி, தூசு துடைத்து, தோல் மாற்றி, சுருதி கூட்ட வேண்டும். செலவும் அதிகம். மின்கருவி ஒன்றை வாங்கி வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லையே என்று எந்த ஆலயக் குழுவும் நினைப்பது இயல்பே. பல ஆலயங்களுக்கு அதுவே கட்டுப்படியாகும் வழியாகவும் இருக்கிறது.

ஆனாலும் தூக்கி எறிவதற்குமுன் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும் என்பதே சுவைட்சர் விட்டுச்சென்ற பாடம். இது ஆர்கனுக்கு மட்டுமல்ல. செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயத்தின் சுவர்களை, 1856 முதல் 1861 வரை இந்தியக் கைதிகள் மெட்ராஸ் சுண்ணாம்பு பூசிக் கட்டினார்கள். அந்தச் சுவர்களை இடித்திருந்தால், அவர்களுடைய கைவேலைக்குச் சாட்சி இருந்திராது. 1888ல் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காக எழுந்த ஓஃபிர் ரோடு லூர்து அன்னை ஆலயமும் அப்படிப் பேணப்பட்டு வருவதுதான். தோட்டங்கள் மூடப்பட்டு, லயங்கள் இடிந்து, மக்கள் நகரத்துக்கு வந்தபோது எத்தனை சிற்றாலயங்களின் ஆர்மோனியமும், எத்தனை கோயில்களின் உறுமியும் தவிலும் மூலையில் கிடந்து கரையானுக்கு இரையாயின என்று நம்மில் பலருக்குத் தெரியும்.

உங்கள் வீட்டுப் பரணிலோ, ஊர்க் கோயில் அறையிலோ, பழைய கருவி ஏதாவது துணி போர்த்திக் கிடக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை வெளியே எடுத்துத் தூசு தட்டி, விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டிப் பாருங்கள். குவீன் ஸ்திரீட் பக்கம் போனால், நல்லாயன் பேராலயத்தின் மாடத்தையும் ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள். வழிபாட்டு நேரமாக இருந்தால், 1912ல் கப்பலேறி வந்த அந்தக் குழாய்கள் பேசுவதையும் கேட்கலாம்.